அடினோ காய்ச்சல்: எந்தப் பிள்ளையை எப்போது தூக்கிக்கொண்டு ஓடுவது

ஐந்து நாளாகக் காய்ச்சல். பனடோல் கொடுத்தால் இரண்டு மணித்தியாலம் இறங்குகிறது, பிறகு பழையபடி 39.5 பாகை. கண் சிவந்து பீழை தள்ளுகிறது. தொண்டையில் வெள்ளை படிந்திருக்கிறது. தடிமன், இருமல், இடைக்கிடை வயிற்றோட்டம். பாமசியில் வாங்கிய அன்ரிபயோட்டிக் மூன்று நாள் கொடுத்தும் ஒரு அசைவும் இல்லை. பிள்ளைகள் வாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். இப்படி வரும் பிள்ளைகளில் முதலில் நினைக்கவேண்டியவற்றுள் அடினோ வைரஸும் ஒன்று.

பெரும்பாலான பிள்ளைகள் ஒரு கிழமை, பத்து நாளில் தானாகத் தேறிவிடுவார்கள். சிலர் மட்டும் காய்ச்சல் தொடங்கிச் சில நாளில் மூச்சில் சறுக்குவார்கள். அந்தச் சிலர் யார் என்பது, காய்ச்சல் வருவதற்கு முன்பே பெரும்பாலும் வீட்டில் தெரிந்த விசயம். பிறந்தபோது இருந்த நிறை, இதயக் கிளினிக் காட், நிறை வளைகோடு எல்லாம் அலுமாரிக்குள்தான் கிடக்கின்றன. அவற்றை ஒருதரம் எடுத்துப் பார்த்து, “என்ர பிள்ளைக்கு எல்லை எது” என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பது வன்னியில் வேறெங்கையும்விட அவசியம். முத்தையன்கட்டுப் பக்கத்திலோ துணுக்காய்க்கு உள்ளேயோ இருந்து இரவு பதினொரு மணிக்கு வாகனம் தேடும்போது யோசிக்க நேரம் கிடைக்காது.

வைரஸைப் பற்றிக் கொஞ்சம். 1953இல் அமெரிக்காவில், பிள்ளைகளின் மூக்குக்குப் பின்னால் இருந்து வெட்டி எடுத்த அடினொயிட் சதையிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். பெயர் அப்படி வந்தது. இன்று நூறுக்கு மேற்பட்ட வகைகளுக்கு எண் இட்டிருக்கிறார்கள். 40, 41 வயிற்றோட்டக்காரர்கள். 8, 37 கண்ணைப் பிடிப்பவை. 3 தொண்டையும் கண்ணும் சேர்ந்த காய்ச்சலைத் தரும். நெஞ்சில் இறங்கி மோசம் பண்ணுவதில் 7ஆம் வகைக்குப் பழைய பெயர் உண்டு. 2023 தொடக்கத்தில் கொல்கத்தாவின் பிள்ளைகள் வாட்டுகள் நிரம்பி வழிந்தபோது ஆய்வுகூடத்தில் தெரிந்தது 7உம் 3உம் கலந்த ஒரு கலப்பு வகை. தொற்றி 2 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். காலபோக மழைக்கு எல்லாரும் ஒரே அறைக்குள் ஒதுங்கும்போது பரவ வசதி கூடும், ஆனால் சித்திரை வெய்யிலிலும் வரும்.

இனி, எந்தப் பிள்ளை.

வயதுதான் முதலாவது. ஆறு மாதம் வரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சத்து ஓரளவு காக்கிறது. அது தேய்ந்த பிறகு இரண்டு வயது வரையான காலத்தில்தான் கடும் நியூமோனியா அதிகம். பிறந்து முதல் சில கிழமைக்குள் தொற்றினால் கணக்கே வேறு: ஈரல், நுரையீரல், மூளை என்று உடம்பெல்லாம் பரவக்கூடும். ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் அன்றே வைத்தியசாலை.

அடுத்தது மாதம் நிரம்பாமல் பிறந்த பிள்ளை, அதிலும் பிறந்தவுடன் நாட்கணக்கில் ஒட்சிசனில் இருந்த பிள்ளை. வெளியில் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கலாம். நுரையீரலில் பழைய தழும்பு இருக்கும். இதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளை. மூளைவாதம் உள்ள பிள்ளை, குறிப்பாகச் சாப்பிடும்போது புரைக்கேறுகிற பிள்ளை. இருமிச் சளியை வெளியே தள்ளும் பலம் அவர்களுக்குக் குறைவு. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைக்கு இதயமும் எதிர்ப்புச் சக்தியும் இரண்டும் பிரச்சினையாக இருக்கலாம்.

அடிக்கடி தவறவிடுவது ஒன்று உண்டு. முகம், கால் வீங்கி, சலத்தில் புரதம் போகிறது என்று பிரெட்னிசொலோன் குளிசை எடுக்கிற நெப்ரோட்டிக் பிள்ளை. வீக்கம் வற்றியதும் வீட்டில் அதை “நோய் மாறின பிள்ளை” என்றே நினைப்பார்கள். ஆனால் குளிசை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறது. குளிசையை நீங்களாக நிறுத்தவும் கூடாது; காய்ச்சல் என்றதும் அதே நாளில் காட்டவேண்டும். தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்து இடைவெளிக்கு வீடு வந்திருக்கும் பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் அது அவசரம், நடுச்சாமம் என்றாலும்.

நிறைக் குறைவும் இந்தப் பட்டியலில் வரவேண்டியது. கிளினிக் காட்டில் நிறைக்கோடு இரண்டு மூன்று மாதமாக ஏறாமல் படுத்துக் கிடந்தால், அந்தப் பிள்ளையை நோயாளிப் பிள்ளையாகவே கணக்கில் எடுங்கள். சின்னமுத்து வந்து தேறிக்கொண்டிருக்கும் பிள்ளையும் அப்படித்தான். சின்னமுத்தைத் தடுக்க 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிற எம்.எம்.ஆர். ஊசியைத் தவறவிடாதிருப்பது இங்கேயும் உதவுகிறது. பிறகு அடுப்படிப் புகை. விறகு அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்து ஊதாங்குழல் ஊதுகிற வீட்டில் மூச்சுக்குழாய் ஏற்கனவே புண்பட்டுத்தான் இருக்கும். வீட்டுக்குள் சுருட்டுக் குடிக்கிற தாத்தாவிடம் முற்றத்துக்குப் போகச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

2018இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், நீண்டகாலப் பராமரிப்பில் இருந்த, முன்பே கடும் நோயோடு வாழ்ந்தவர்கள் மத்தியில் 7ஆம் வகை புகுந்தபோது 36 பேருக்குத் தொற்றி 11 பேர் இறந்தார்கள். சுகமான பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இதே வைரஸ் பெரும்பாலும் காய்ச்சலும் கண்நோயுமாகவே போயிருக்கும்.

மூச்சுக்கு வருவோம். இதைப் படித்து ஒன்றை மட்டும் பழகுவதென்றால் மூச்சு எண்ணப் பழகுங்கள். பிள்ளையின் சட்டையைக் கழற்றுங்கள். அழாமல், பால் குடிக்காமல் இருக்கும் நேரம், நித்திரை என்றால் இன்னும் நல்லது. வயிறு எழும்பி இறங்குவது ஒரு மூச்சு. கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் வைத்து முழு 60 செக்கனும் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் பிழைக்கும், சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக வராது. இரண்டு மாதத்துக்குக் கீழே 60 அல்லது கூட, 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது கூட, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது கூட என்றால் அது வேகமூச்சு. காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போது சுகமான நுரையீரலும் வேகமாக இழுக்கும். ஆகவே பனடோல் கொடுத்துச் சூடு இறங்கியதும் மறுபடி எண்ணுங்கள். சூடு இறங்கியும் எண் இறங்கவில்லை என்றால் பிரச்சினை நெஞ்சில் இருக்கிறது. முன்னே சொன்ன ஆபத்துப் பிள்ளை என்றால் இந்த இரண்டாவது எண்ணுதலுக்குக் காத்திராமல் வெளிக்கிடுங்கள்.

எண்ணும்போதே விலா எலும்புகளின் கீழ் விளிம்பைப் பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சின் அடிப்பகுதி வெளியே வரவேண்டும். உள்ளே குழி விழுந்தால், மூக்குத்துவாரம் விரிந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல் கேட்டால், தலை ஆடினால், எண் என்னவாக இருந்தாலும் புறப்படவேண்டியதுதான். விரலில் போட்டு இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும், கொரோனா காலத்தில் வாங்கிய ஒட்சிமீற்றர் சில வீடுகளில் இருக்கிறது. பெரியவர்களின் விரலுக்குச் செய்த கிளிப் சின்னப் பிள்ளையின் விரலில் வழுகும். கால் பெருவிரலில் போட்டு, குளிர்ந்த காலென்றால் சூடாக்கி, நாடித்துடிப்பு எண் சீராக நிற்கும்வரை பொறுத்துப் பாருங்கள். 94க்குக் கீழே நின்றால் காட்டவேண்டும். 90க்குக் கீழே என்றால் ஓடவேண்டும். 98 காட்டுகிறது என்பதற்காக, குழி விழுகிற நெஞ்சோடு பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மற்ற ஆபத்துக் குறிகள்: குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமை, குடித்ததெல்லாம் சத்தி எடுத்தல், வலிப்பு, சூடு இறங்கிய நேரத்திலும் துவண்டு கிடத்தல், ஆறு எட்டு மணித்தியாலமாகச் சலம் போகாமை. வாட்டுக்கு வந்ததும் தாதி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “அம்மா, பிள்ளை கடைசியா எப்ப சலம் போனது?” பம்பஸ் கட்டியிருந்தால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. கட்டிய நேரத்தையும் மாற்றிய நேரத்தையும் ஞாபகம் வைத்திருங்கள்.

டெங்கோடு குழம்புவது நம் பக்கத்தில் பெரிய தலையிடி. காய்ச்சலின் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான். டெங்கில் வெள்ளணுவும் குருதிச் சிறுதட்டும் இறங்கிக்கொண்டு போகும். அடினோவில் வெள்ளணு 15,000க்கு மேலேயும் ஏறலாம், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்த அளவும் கூடலாம். அப்போது ரிப்போட் பக்டீரியாத் தொற்றுப் போலவே இருக்கும், அன்ரிபயோட்டிக் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். சிலவேளை அது தேவைதான், நெஞ்சில் இரண்டும் சேர்ந்தும் வரும். ஆனால் அதை முடிவுசெய்வது வைத்தியர், பாமசி மேசை இல்லை. டெங்கில் சூடு இறங்கும் நேரத்தில்தான் ஆபத்துக் காலம் தொடங்குகிறது. அடினோவில் சூடு இறங்காமல் இழுக்கும் நாட்கள் ஆபத்து. இரண்டில் எது என்று தெரியாதவரை இபுபுரூபன், டைக்குளோபெனாக், மெபெனமிக் அசிட் வேண்டாம், பின்வழி வைக்கும் மருந்தாகக்கூட வேண்டாம். அஸ்பிரின் பிள்ளைக்குக் கிட்டவும் வரக்கூடாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், பீழை இல்லாத சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, தடிப்பு, கை கால் வீக்கம் என்று வந்தால் அது கவசாக்கி நோயாக இருக்கலாம். அதற்கு முதல் பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் இதய இரத்தக்குழாய் பழுதாகலாம். “வைரஸ் காய்ச்சல்தானே” என்று ஏழாம் நாளையும் தாண்டவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய உள்ளவை கொஞ்சம்தான். அதிலும் அளவுதான் பிழைக்கிறது. பரசிட்டமோல் (பனடோல்) ஒரு தடவைக்கு ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேலில்லை. வழமையான சிறப்பில் (பாணி மருந்தில்) 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருக்கும். 10 கிலோப் பிள்ளைக்கு 6 மில்லிலீற்றர். போத்தல் லேபலை ஒவ்வொரு முறையும் வாசியுங்கள், ஏனென்றால் கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து சிறப்பைவிடப் பல மடங்கு செறிவு. ஊசி இல்லாத சிறிஞ்சால் அளந்து கொடுங்கள். குசினிக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. அம்மா ஒருதரம், அவ வயலுக்குப் போனபிறகு அம்மம்மா ஒருதரம் என்று இரட்டிப்பு நடப்பது சாதாரணம். கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

குடிக்கக் கொடுப்பது கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. தாய்ப்பால் நிறுத்தவே வேண்டாம். மூச்சு வாங்குகிற பிள்ளையின் வாயில் வலிந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். வயிற்றோட்டம் என்றால் ஒரு பக்கெற் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) முழுவதையும் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். ஒரு தம்ளருக்கு “ஒரு சிட்டிகை” என்று போடுவது ஆபத்து, உப்புக் கூடினால் பிள்ளைக்கு வலிப்பே வரலாம். இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு தரம் போனபிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேலே 100 முதல் 200. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

வேது பிடிக்க வைப்பதை விட்டுவிடுங்கள். அதனால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆவதில்லை, கொதிதண்ணீர் கவிழ்ந்து வெந்த தொடையோடு வரும் பிள்ளைக்கு இரண்டு நோய். கற்பூரம் கலந்த தைலம் இரண்டு வயதுக்குக் கீழே மூக்கிலும் நெஞ்சிலும் கூடாது. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. மல்லித் தண்ணீர் பெரிய பிள்ளைக்கு இளஞ்சூட்டில் கொடுப்பதில் ஒரு கேடும் இல்லை. போன வருடம் முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) எழுதிய பிரெட்னிசொலோன் துண்டைக் காட்டி மறுபடி வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

புறப்படும்போது 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சிக்னல் இல்லாத இடமென்றால் ஓட்டோவில் பிரதான வீதி வரை வந்து அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி வைத்திருங்கள். கிளினிக் கொப்பி, கொடுத்த மருந்துப் போத்தல்கள் பையில். பெரிய ஆஸ்பத்திரிக்கே நேரே போகலாம் என்று வான் பிடித்து ஏ9 வழியே யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சுத் திணறும் பிள்ளைக்கு ஒட்சிசன் இல்லாத அந்தப் பயணம்தான் மிக ஆபத்தான பகுதி. மல்லாவியோ மாங்குளமோ புதுக்குடியிருப்போ, கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலையில் ஒட்சிசனைப் போட்டு, நிலை சீராக்கி, அங்கிருந்து அம்புலன்சில் மாற்றுவதே சரி.

வைத்தியசாலையில் இதற்கென்று மந்திர மருந்து இல்லை. சிடோபோவிர் என்ற மருந்து உண்டு. சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பதால் எதிர்ப்புச் சக்தி அற்றவர்களுக்கும் மிகக் கடுமையான நிலைக்கும் மட்டும் யோசிப்பார்கள். மற்றப்படி ஒட்சிசன், அளவான திரவம், தேவைப்பட்டால் வேகமாக ஒட்சிசன் செலுத்தும் கருவி, அதுவும் போதாவிட்டால் செயற்கைச் சுவாசம். பி.சி.ஆர். முடிவு வரும்வரை ஒன்றும் காத்துக் கிடப்பதில்லை. முடிவு வந்தாலும் பெரும்பாலும் இதே சிகிச்சைதான். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி கிடையாது. 4, 7ஆம் வகைகளுக்கு 2011இல் அனுமதி பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்து அமெரிக்க இராணுவத்தினருக்கு மட்டும்.

பரவுவதைத் தடுப்பதில் கொரோனாப் பழக்கம் ஒன்று நம்மை ஏமாற்றுகிறது. கைக்குப் பூசும் ஜெல் கொரோனாவின் கொழுப்புறையை உடைத்துவிடும். அடினோவுக்கு அந்த உறையே இல்லை, ஜெல் அவ்வளவாகப் பிடிக்காது. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவவேண்டும். கட்டில் கம்பி, விளையாட்டுப் பொருள், கதவுப்பிடியில் இது நாட்கணக்கில், சிலவேளை கிழமைக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 5 சதவீத வெளிற்றும் திரவம் 20 மில்லிலீற்றரை அளந்து, தண்ணீர் சேர்த்து ஒரு லீற்றராக்கினால் 0.1 சதவீதக் கரைசல். கிணற்றுக்குப் போடும் 30 சதவீதக் குளோரின் தூள் என்றால் லீற்றருக்கு மூன்றரைக் கிராம் அளவு. முதலில் அழுக்கைத் துடைத்து, பிறகு கரைசலைப் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். அன்றன்று கரைத்தது அன்றைக்கே. மலசலகூடம் கழுவும் அசிட்டோடு கலந்துவிட்டால் விசவாயு வரும்.

வாட்டில் இது பரவும் வழி பெரும்பாலும் அன்பு. பக்கத்துக் கட்டில் தாய் தேத்தண்ணி வாங்கப் போனால் அவவின் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது நம்மாட்களின் வழக்கம். அந்தக் கட்டிலில் இருப்பது மாதம் நிரம்பாமல் பிறந்த பிள்ளையாக இருந்தால்? தூக்குங்கள், ஆனால் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். நெபுலைசர் மாஸ்க் ஒரு பிள்ளைக்கு ஒன்று. சிவந்த கண்ணோடு பிள்ளையைக் குளத்தில் குளிக்க விடவும் முன்பள்ளிக்கு அனுப்பவும் வேண்டாம். துவாயும் தலகணியும் வேறாக. கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவதும், வீட்டில் கிடந்த ஸ்ரெரொயிட் சொட்டு விடுவதும் வேண்டாம், கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். தேறிய பிறகும் மலத்தில் வைரஸ் கிழமைக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும், ஆகவே பம்பஸ் மாற்றும் கையை அதுவரைக்கும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

கடும் நியூமோனியாவோடு, அதிலும் செயற்கைச் சுவாசத்தில் இருந்து வீடு திரும்பிய பிள்ளைகளில் சிலருக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பாகி அடைபட்டுவிடும். நாலு கிழமை, ஆறு கிழமை கழிந்தும் இருமலும் இழுப்பும் விடாது, பம் (இன்ஹேலர்) அடித்தாலும் அசையாது, பால் குடிக்கும்போது வேர்க்கும், நிறை ஏறாது. இதை வழமையான முட்டு என்று மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பதுண்டு. ஆகவே வீடு வந்தபிறகு கிழமைக்கு ஒருதரம் நித்திரையில் மூச்சை எண்ணி, திகதியோடு கிளினிக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி வையுங்கள். கிளினிக்கில் பிள்ளை அழுதுகொண்டே இருக்கும், அங்கே எண்ண முடியாது. வைத்தியர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளைத் திறந்து காட்டுங்கள்.